இம்ப்ளாண்டுக்கு அளவு: ஸ்கேனா, பழைய மாதிரி ட்ரேயா? (டர்பன்)

கரும்புக்காடு கேட்டது:

வணக்கம். சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் ஒரே சமயத்தில் இரண்டு பேர் வாயில் வேலை நடக்கிறது. ஆளுக்கொரு யோசனை சொல்லி மண்டையைக் காய வைக்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

முதல் ஆள் நான். கீழ்த்தாடை இடது பக்கத்தில் கடைவாய்ப்பல் இரண்டு போய் ரொம்ப நாளாயிற்று. அங்கே பக்கத்தில் பக்கத்தில் இரண்டு இம்ப்ளாண்ட் (எலும்புக்குள் திருகுகிற டைட்டானியம் வேர்) வைத்து, எலும்பு நன்றாகப் பிடித்துவிட்டது என்று எக்ஸ்ரே பார்த்துச் சொல்லிவிட்டார்கள். இனி அளவெடுத்து மேலே கேப் போடுவதுதான் பாக்கி.

இரண்டாவது ஆள் என் அக்கா. மேல்தாடையில் அவருக்கு ஒரு பல்கூட இல்லை. ஆறு இம்ப்ளாண்ட் வைத்திருக்கிறார்கள். இப்போதைக்கு பிளாஸ்டிக் பல்வரிசை ஒன்றைத் திருகி விட்டிருக்கிறார்கள், அடுத்து நிரந்தர பிரிட்ஜ், அதாவது ஒன்றாகச் சேர்த்துச் செய்த பல்வரிசை.

எங்கள் டாக்டர் இரண்டு பேருக்குமே ஸ்கேன்தான் என்கிறார். கேமரா மாதிரி ஒன்றை வாயில் விட்டுச் சுற்றினால் முடிந்தது, பேஸ்ட் கீஸ்ட் எதுவும் வேண்டாமாம். என் மச்சான் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கிறார். அவருடைய டாக்டரோ, இம்ப்ளாண்ட் என்றால் ட்ரேயில் பேஸ்ட் வைத்து எடுக்கிற அளவுதான் நம்பிக்கை, ஸ்கேன் எல்லாம் பகட்டு என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். யாரை நம்புவது?

எது துல்லியம்? வித்தியாசம் எவ்வளவு? அளவு கொஞ்சம் தப்பினால் என்னதான் ஆகும்? மெடிக்கல் எய்டு (மருத்துவ இன்சூரன்ஸ்) இதற்குச் சல்லிக்காசு தராது என்று கையை விரித்துவிட்டது. இரண்டாம் முறை செய்யப் பணம் கிடையாது. எனக்குச் சுட்ட மீலியை (மக்காச்சோளம்) கடித்துச் சாப்பிட வேண்டும், அக்காவுக்கு மட்டன் பன்னி சௌ (குடைந்த ரொட்டிக்குள் கறிக்குழம்பு). அவ்வளவுதான் எங்கள் ஆசை.

---

டெக்பையன் எழுதியது:

அங்கிள், யோசிக்கவே வேண்டாம், ஸ்கேன். இது நேற்று வந்த சமாச்சாரம் இல்லை. 1985-லேயே சூரிக் பல்கலைக்கழகத்தில் வாய்க்குள் கேமரா வைத்து அளவெடுத்து, நோயாளி உட்கார்ந்திருக்கும்போதே பீங்கானைக் கடைந்து பல்லில் ஒட்டிவிட்டார்கள். நாற்பது வருடத்தில் அது எங்கே போயிருக்கும்! பேஸ்ட் சுருங்கும், அதில் மாடலுக்கு ஊற்றுகிற ஸ்டோன் (கெட்டி பிளாஸ்டர்) விரியும். கம்ப்யூட்டர் ஃபைல் சுருங்காது. மச்சானுடைய டாக்டர் மெஷின் வாங்கவில்லை, அதனால் அப்படிப் பேசுகிறார்.

---

லேப்காரர் எழுதியது:

தம்பி சொன்னதில் பாதி சரி. ஃபைல் சுருங்காதுதான். அந்த ஃபைலுக்குள் என்ன வந்து சேர்ந்தது என்பதுதான் கேள்வி.

அண்ணே, நான் டாக்டர் இல்லை. டர்பனில் பல் லேப் வைத்திருக்கிறேன். இந்த நாட்டில் லேப்காரன் நோயாளி வாயில் கை வைக்கக்கூடாது. டாக்டர் அளவெடுப்பார், அது வந்து விழுவது என் மேசையில். அதனால் அளவு தப்பினால் பெரும்பாலும் முதலில் தெரிவது எங்களுக்கு. ட்ரேயும் வருகிறது, ஃபைலும் வருகிறது. இரண்டிலும் தங்கமாக வந்ததும் உண்டு, தலையில் அடித்துக்கொண்டதும் உண்டு. எனக்கு எந்தக் கட்சியும் கிடையாது.

உங்கள் வாய் வேறு, அக்கா வாய் வேறு. இரண்டுக்கும் ஒரே பதில் சொல்கிறவர் ஸ்கேன்காரரானாலும் சரி, ட்ரேகாரரானாலும் சரி, அவசரப்படுகிறார் என்றுதான் சொல்வேன்.

முதலில் அளவு தப்பினால் என்ன ஆகும் என்று பார்த்துவிடுவோம். சொந்தப் பல் எலும்போடு நேராக ஒட்டியிருக்கவில்லை. நடுவே மெல்லிய நார்ச்சதை இருக்கிறது. கடிக்கும்போது பல் அதற்குள் கொஞ்சம் அசைந்து கொடுக்கும், நூறு மைக்ரான் வரைகூட. (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர். தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70.) அதனால் பல் மேல் போடுகிற பிரிட்ஜ் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பல்லே அனுசரித்துக்கொள்ளும். இம்ப்ளாண்டுக்கு அந்த நார் கிடையாது. டைட்டானியமும் எலும்பும் ஒன்றாகிப் போயிருக்கும். அசைவு எல்லாம் சில மைக்ரான்தான். ஸ்வீடன்காரர் பிரானமார்க் இதைக் கண்டுபிடித்து 1965-ல் முதல் ஆளுக்கு வைத்தார். அவர் யோஸ்தா லார்சன். 2006-ல் சாகும் வரை அந்த இம்ப்ளாண்டுகளோடுதான் சாப்பிட்டார். அந்தக் காலத்தில் ஸ்கேன் ஏது? இதை ட்ரேக்குப் பிரசாரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம், கவனமாகச் செய்தால் பழைய வழியும் நிற்கும் என்பதற்குச் சொன்னேன்.

இப்படி அசையாத ஆறு தூண் மேல், அளவு தப்பின ஒரு பிரிட்ஜைத் திருகினால் என்ன ஆகும்? ஸ்குரூ உள்ளே போகும், பிரிட்ஜ் உட்காரும், கண்ணுக்கு எல்லாம் சரியாகத் தெரியும். ஆனால் ஒவ்வொரு ஸ்குரூவும் பிரிட்ஜை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கும். பகலும் இரவும் அந்த இழுவிசை இருந்துகொண்டே இருக்கும். சில மாதத்தில் ஸ்குரூ தளரும். தளர்ந்ததை இறுக்குவார்கள், மறுபடி தளரும். ஒருநாள் ஸ்குரூ உள்ளேயே முறியும், இல்லையென்றால் பீங்கான் தெறிக்கும். சந்தில் இடைவெளி இருந்தால் அழுக்கு சேர்ந்து ஈறு வீங்கும்.

எவ்வளவு தப்பு தாங்கும்? பிரானமார்க் 1983-ல் 10 மைக்ரான் என்றார். அதே ஊர்ப் பக்கத்து யெம்ட் 1991-ல் 150 வரை போகலாம் என்றார். இரண்டுக்கும் நடுவே ஒரு ஆட்டு மந்தையே போகலாம்! 10 மைக்ரானை லேபிலேயே பிடிக்க முடியாது என்பது என் அபிப்பிராயம். 150 இருந்தால் நான் ராத்திரி தூங்க மாட்டேன்.

சரி, ட்ரே முறையைச் சொல்கிறேன். ஒவ்வொரு இம்ப்ளாண்ட் மேலும் உலோகக் கோப்பிங் ஒன்றைத் திருகுவார்கள். ட்ரேயில் ஓட்டை போட்டு, ஸ்குரூ தலை வெளியே தெரிகிற மாதிரி வைத்து, பாலியீத்தர் அல்லது சிலிக்கோன் பேஸ்ட்டை நிரப்பி வாயில் அழுத்திப் பிடிப்பார்கள். இறுகினதும் ஸ்குரூவைக் கழற்றி ட்ரேயை எடுத்தால், கோப்பிங் பேஸ்ட்டிலேயே புதைந்து வரும். திறந்த ட்ரே என்பது இதுதான். இம்ப்ளாண்ட் நாலைந்து இருந்தால் கோப்பிங்குகளை ரெசினால் (இறுகிக் கெட்டியாகும் பிளாஸ்டிக்) ஒன்றோடொன்று கட்ட வேண்டும். ரெசினும் இறுகும்போது சுருங்கும். அதனால் விவரமான டாக்டர் முதல் நாளே கட்டி வைத்து, மெல்லிய வட்டால் நடுவே அறுத்து, மறுநாள் வாயில் வைத்து அந்த மயிரிழைச் சந்தை மட்டும் ஒரு சொட்டு விட்டு ஒட்டுவார். அப்போது சுருங்குவதற்கு ஒன்றுமிருக்காது.

இத்தனையும் ஒழுங்காக நடந்து பெட்டி என்னிடம் வருகிறது. திறந்ததும் நான் முதலில் செய்வது, சாமணத்தால் ஒவ்வொரு கோப்பிங்கையும் மெல்ல அசைத்துப் பார்ப்பது. துளி ஆடினாலும் பெட்டியை மூடித் திருப்பி அனுப்பிவிடுவேன். டாக்டர் போனில் திட்டுவார், திட்டட்டும். ஆடவில்லை என்றால் அதில் அனலாக்கைத் திருக வேண்டும், வாயில் இருக்கிற இம்ப்ளாண்டுக்குப் பதிலாள் அது. திருகும்போது அனலாக்கை இடுக்கியால் இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிக்காமல் முறுக்கினால் கோப்பிங் பேஸ்ட்டுக்குள் ஒரு முடி அளவு சுழன்றுவிடும். கண்ணுக்குத் தெரியாது. டாக்டர் தங்கமாக எடுத்த அளவை லேபில் புதுசாக வந்த பையன் ஒரே திருகில் கெடுக்கிற இடம் இதுதான். அப்புறம் ஸ்டோன் ஊற்ற வேண்டும். நல்ல ஸ்டோன்கூட இறுகும்போது 0.1% வரை விரியலாம். ஒரு தாடையின் குறுக்களவு 50 மில்லிமீட்டர் என்றால், 50 மைக்ரான் அங்கேயே போயிற்று.

நம் ஊர்க் காற்று வேறு. பாலியீத்தர் ஈரத்தை உறிஞ்சி ஊதிக்கொள்ளும். டர்பன் ஜனவரிப் புழுக்கத்தில் ஈரப்பஞ்சு வைத்துப் பையில் கட்டி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். பஞ்சு பழைய ஆல்ஜினேட் பேஸ்ட் காலத்துப் பழக்கம், அதற்கு ஈரம் வேண்டும், இதற்கு ஆகாது.

இப்போது ஸ்கேன். கோப்பிங்குக்குப் பதில் ஸ்கேன் பாடி என்று ஒன்றைத் திருகுவார்கள். அதன் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். அந்தத் தட்டைப் பக்கத்தை வைத்து இம்ப்ளாண்ட் எந்தக் கோணத்தில், எந்த ஆழத்தில், எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று சாஃப்ட்வேர் கணக்குப் போடும். பேஸ்ட் இல்லை, அனலாக் சுழலாது, ஸ்டோன் விரியாது. சாய்ந்த இம்ப்ளாண்டாக இருந்தால் ட்ரேயைப் பிடுங்கும்போது பேஸ்ட் இழுபடும், ஸ்கேனில் பிடுங்கவே வேண்டாம். தப்பு தெரிந்தால் அந்த இடத்தை மட்டும் மறுபடி எடுக்கலாம், நோயாளி நாற்காலியில் இருக்கும்போதே. உங்கள் மாதிரி பக்கத்தில் பக்கத்தில் இரண்டு, முன்னாலே சொந்தப் பல் இருக்கிறது என்றால், ஸ்கேன் ட்ரேக்கு எந்த விதத்திலும் குறைவில்லை. என் மேசைக்கு வருவதை வைத்துச் சொன்னால், சின்ன வேலைகளில் ஃபைலில் வருவதுதான் இப்போதெல்லாம் எனக்குக் குறைச்சலாகத் தொல்லை தருகிறது. நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு ஸ்கேன் எடுக்கலாம்.

அக்கா கதை வேறு. ஸ்கேனர் முனை சின்னது. முழுத்தாடையையும் ஒரே படமாக அது பார்ப்பதில்லை. துண்டு துண்டாகப் படமெடுத்து, ஒன்றின் ஓரத்தை அடுத்ததோடு பொருத்திப் பொருத்தி ஒட்டிக்கொண்டே போகும். புள்ளிக்கோலம் போடும்போது அளவு பார்க்காமல், ஒவ்வொரு புள்ளியையும் முந்தின புள்ளியை மட்டும் பார்த்து வைத்துக்கொண்டே போனால் கடைசி வரிசை எங்கே போய் நிற்கும்? அதே சங்கதி. வலது கடைவாயில் ஆரம்பித்து இடது கடைவாய் போய்ச் சேர்வதற்குள் ஒவ்வொரு ஒட்டிலும் துளித் துளியாகச் சேர்ந்து, கடைசி இம்ப்ளாண்டில் நூறு மைக்ரானைத் தாண்டுவதும் உண்டு.

பல் இருக்கிற வாயில் அந்த ஒட்டு சரியாக விழும். மேடு, பள்ளம், முனை என்று சாஃப்ட்வேருக்குப் பிடிமானம் இருக்கும். அக்கா வாயில் என்ன இருக்கிறது? வழுவழுவென்ற ஈறும் அண்ணமும், அதில் எச்சில் பளபளப்பு. இரண்டு ஸ்கேன் பாடிக்கு நடுவே எல்லா இடமும் ஒரே மாதிரி. சாஃப்ட்வேர் எதைப் பிடித்து எதோடு ஒட்டும்? சில நேரம் ஃபைலைத் திறந்தால் ஒரே ஸ்கேன் பாடி இரட்டையாக நிற்கும், நிழல் விழுந்த மாதிரி. அது பரவாயில்லை, தப்பு என்று பார்த்ததும் தெரிந்துவிடும். பயப்பட வேண்டியது அழகாக வந்த ஃபைலுக்குத்தான். படம் கிடைக்காத ஓட்டையைச் சாஃப்ட்வேர் தானாக வழவழவென்று மூடி வைத்திருக்கும். திரையில் பார்த்தால் ஒரு குறை சொல்ல முடியாது.

அதற்காக ஸ்கேன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அக்காவுக்கு எந்த வழியில் அளவெடுத்தாலும், நிரந்தர பிரிட்ஜ் செய்வதற்கு முன்னால் அந்த அளவைச் சோதிக்க வேண்டும். லேபில் அந்த மாடல் மேல், ஆறு இம்ப்ளாண்டுக்கும் உலோக உருளை திருகி, அவற்றைப் பிளாஸ்டர் வைத்துக் கட்டி ஒரு சட்டம் செய்து தருவோம். டாக்டர் அதை வாயில் வைத்துத் திருகுவார். பிளாஸ்டர் வளையாது. அளவு சரியென்றால் அப்படியே நிற்கும், தப்பென்றால் டக்கென்று விரிசல் விட்டுவிடும். ரெசினில் செய்தால் வளைந்து கொடுத்து ஏமாற்றும், அதனால் எனக்குப் பிளாஸ்டர்தான் இஷ்டம். விரிசல் விட்டால் சந்தோஷப்படுங்கள், சில்லறைச் செலவில் தப்பு தெரிந்துவிட்டது. அதே தப்பு சிர்கோனியா (கெட்டி வெள்ளைப் பீங்கான்) பிரிட்ஜ் கடைந்த பிறகு தெரிந்தால்தான் சண்டை வரும்.

ஆகவே உங்கள் டாக்டரிடம் ஸ்கேனா ட்ரேயா என்று கேட்க வேண்டாம். அக்காவுக்குச் சட்டம் வைத்துப் பார்ப்பீர்களா என்று கேளுங்கள். பார்ப்பேன் என்றால் எந்த மெஷினில் எடுத்தாலும் சரி. அதெல்லாம் தேவையில்லை என்றால், மெஷின் எவ்வளவு விலையானாலும் நான் என் அக்காவை அங்கே உட்கார வைக்க மாட்டேன்.

இம்ப்ளாண்ட் என்ன பிராண்ட், என்ன சைஸ் என்று ஒரு காகிதத்தில் எழுதி வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பிராண்டுக்கும் ஸ்கேன் பாடி வேறு, சாஃப்ட்வேரில் அதற்கான லைப்ரரி (அளவு விவரத் தொகுப்பு) வேறு. பெயர் மாற்றித் தேர்ந்தெடுத்தால் ஸ்கேன் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் கேப் உட்காராது. இங்கே நிறையப் பேருக்கு சதர்ன் இம்ப்ளாண்ட்ஸ் வைக்கிறார்கள், 1987-ல் ஆரம்பித்த கம்பெனி, பிரிட்டோரியா பக்கத்து ஐரீனில் இருக்கிறது, நம் நாட்டுச் சரக்கு. அதிலும் தலைப்பகுதி மட்டும் சாய்வாகச் செய்த வகை ஒன்று இருக்கிறது. அந்த விவரம் சொல்லாமல் அனுப்பினால் நாங்கள் ஜோசியம்தான் பார்க்க வேண்டும்.

---

ஃபீனிக்ஸ் அக்கா எழுதியது:

லேப்காரர் தம்பி எழுதினது அத்தனையும் என் வாயில் நடந்தது. எனக்குக் கீழே நாலு இம்ப்ளாண்ட். எங்கே செய்தேன் என்று சொல்லப் போவதில்லை. ட்ரே வைத்துத்தான் அளவெடுத்தார்கள். அந்தப் பேஸ்ட் வாயில் இருக்கிற நேரம் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்து, தலையைத் திருப்பிவிட்டேன். நர்ஸ் பிடித்துக்கொண்டாள். எடுத்தாயிற்று, போதும் என்றார்கள்.

பிரிட்ஜ் போட்ட அன்றே ஒரு பக்கம் இறுக்கமாக, யாரோ பிடித்து இழுக்கிற மாதிரி இருந்தது. கேட்டதற்கு, புதுசு, போகப் போகப் பழகிவிடும் என்றார் டாக்டர். பழகவில்லை. ஸ்குரூ கழன்றது. போய் இறுக்கிவிட்டு வந்தேன், கந்தசஷ்டி விரதத்தில் மறுபடி கழன்றது. கடைசியில் வேறொரு இடத்தில் முழுசாக மாற்றிச் செய்தோம். அங்கே ஸ்கேன் எடுத்து, அப்புறம் அந்தப் பிளாஸ்டர் சட்டமும் வைத்துப் பார்த்தார்கள். எதற்கு என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது, இன்றைக்குத்தான் தெரிகிறது.

குமட்டல் இருக்கிறவர்களுக்கு ஸ்கேன் பெரிய நிம்மதி. நடுவில் நிறுத்தச் சொல்லலாம், எச்சில் விழுங்கலாம். உங்கள் அக்காவுக்கு மேல்தாடை என்பதால் அண்ணத்தில் பேஸ்ட் வழியும், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள் அண்ணே.

---

லேப்காரர் எழுதியது:

அக்கா, சொந்தப் பல் மேல் போட்ட பிரிட்ஜ் என்றால் இறுக்கம் சில நாளில் குறையலாம், பல் நகர்ந்து கொடுக்கும். இம்ப்ளாண்ட் நகராது. "போகப் போகப் பழகும்" என்பதை அங்கே சொல்லக்கூடாது. நீங்கள் தலையைத் திருப்பினபோதே அந்த ட்ரேயைத் தூக்கிப் போட்டிருக்க வேண்டும்.

---

பிரிட்டோரியா டாக்டர் எழுதியது:

நான் பல் கட்டும் துறையில் சிறப்புப் படிப்பு படித்தவன். லேப்காரர் சொன்னதில் பெரும்பகுதி ஒப்புக்கொள்கிறேன். ஒரு இடத்தில் மட்டும் கொஞ்சம் இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

முழுத்தாடைக்கு ஸ்கேன் தப்பும் என்பது பழைய மெஷின்களுக்குப் பொருந்துகிற அளவு இப்போதைய மெஷின்களுக்குப் பொருந்தாது. ஸ்கேன் பாடிகளுக்கு நடுவே அடையாளத்துக்குச் சின்னத் துண்டுகள் வைத்துக் கட்டி எடுத்தால் இன்னும் நன்றாக வருகிறது. ட்ரேக்குச் சமமாக வந்ததாகச் சொல்லும் ஆய்வுகள் பல இருக்கின்றன. ஆனால் அவற்றைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: பெரும்பாலானவை மேசை மேல் வைத்த மாடலில் செய்தவை. மாடலில் எச்சில் இல்லை, நாக்கு இல்லை, கன்னம் வந்து மறைக்காது. மாடலை எடுத்துப் போய்த் துல்லியமான கருவியில் வைத்து உண்மை அளவு இது என்று கண்டுபிடிக்கலாம். உயிருள்ள வாயை அப்படி எந்தக் கருவியில் வைப்பது?

துல்லியம் என்று நாம் ஒரே சொல்லில் சொல்வதில் இரண்டு சங்கதி இருக்கிறது. உண்மைக்கு எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது என்பது ஒன்று. பத்து முறை எடுத்தால் பத்தும் ஒன்று போல வருகிறதா என்பது மற்றொன்று. நான் முழுத்தாடை ஸ்கேனை எப்போதும் இரண்டு தடவை எடுத்து, ஒன்றின் மேல் ஒன்றை வைத்துப் பார்ப்பேன். ஒத்துவரவில்லை என்றால் இரண்டையும் அழித்துவிட்டு வேறு வழி. ஒத்துவந்தால்கூட, இரண்டும் ஒரே மாதிரி தப்பாக இருக்கலாம், ஆகவே சட்டம் வைத்துப் பார்ப்பதை விட முடியாது.

போட்டோகிராமெட்ரி என்றொரு முறையும் இருக்கிறது. இம்ப்ளாண்டுகளின் மேல் புள்ளி போட்ட சின்னச் சின்னக் கொடிகளைத் திருகிவிட்டு, வாய்க்கு வெளியே இருக்கிற கேமரா அவற்றைச் சேர்த்துப் பார்த்து ஒன்றுக்கொன்று எந்த இடத்தில் நிற்கிறது என்று கணக்கிடும். லேப்காரர் சொன்ன ஒட்டு வேலையே அதில் இல்லை. ஈறின் உருவத்துக்கு மட்டும் தனியாக ஸ்கேன் எடுத்துச் சேர்க்க வேண்டும். முழுத்தாடைக்கு இன்றைக்கு என் முதல் தேர்வு அதுதான். கருவி விலை அதிகம் என்பதால் எல்லா இடத்திலும் இருக்காது.

எக்ஸ்ரே பற்றியும் ஒரு வார்த்தை. கோப்பிங்கோ ஸ்கேன் பாடியோ முழுசாக உட்கார்ந்ததா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்க்காமல் அளவெடுப்பது வீண். நடுவில் துளி ஈறு மாட்டிக்கொண்டாலே உயரம் மாறிவிடும். எக்ஸ்ரே சாய்வாக விழுந்தால் இருக்கிற சந்துகூட மறைந்துவிடும், நேர் குறுக்காக எடுக்க வேண்டும்.

---

டெக்பையன் எழுதியது:

சரி சரி, முழுத்தாடைக்கு நான் சொன்னது கொஞ்சம் ஓவர். ஆனால் அங்கிளுக்கு ஸ்கேன்தானே? அதில் நான் ஜெயித்தேன்.

---

கரும்புக்காடு எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. டாக்டரிடம் போனில் பேசினேன். சட்டம் வைத்துப் பார்ப்பீர்களா என்றதும் ஒரு நிமிடம் பேச்சைக் காணோம். "யார் சொல்லிக் கொடுத்தார்கள்?" என்று சிரித்தார். அக்காவுக்குச் செய்யலாம், அதற்குத் தனியாக ஒரு தடவை வர வேண்டும், லேப் கூலி கொஞ்சம் கூடும் என்றார். ஒத்துக்கொண்டோம்.

இன்னும் இரண்டு சந்தேகம். 2023-ல் லோட்ஷெடிங் போட்டு உயிரை வாங்கினார்களே, ஸ்கேன் நடுவில் கரண்ட் போனால் எடுத்ததெல்லாம் போய்விடுமா? அப்புறம், அக்காவுக்கு இப்போது இருக்கிற தற்காலிகப் பல்வரிசை மாதங்களாக ஒரு தொல்லையும் தரவில்லை. அதே அளவை வைத்தே நிரந்தர பிரிட்ஜைச் செய்துவிட்டால் என்ன? புதுசாக அளவெடுப்பதே மிச்சமாகுமே?

---

லேப்காரர் எழுதியது:

கரண்ட் பற்றிக் கவலை வேண்டாம். ஸ்கேனர் பல இடங்களில் லேப்டாப்பில்தான் ஓடும், எடுத்தவரை அதில் இருக்கும். கரண்ட் போனால் கஷ்டப்படுகிறவன் நான். சிர்கோனியா கடைந்துகொண்டிருக்கும்போது மெஷின் நின்றால் அந்தக் கட்டியே வீண். அந்த வருடம் இன்வெர்ட்டருக்குப் போட்ட காசில் ஒரு பழைய பக்கி (சின்ன லாரி மாதிரி வண்டி) வாங்கியிருக்கலாம்.

தற்காலிகப் பல்வரிசை நல்ல கேள்வி. அது தொல்லை தராததற்குக் காரணம், அது பிளாஸ்டிக். கொஞ்சம் வளைந்து கொடுத்து உட்கார்ந்திருக்கும், அதனால் அது சரியாகப் பொருந்தியிருக்கிறது என்று அர்த்தமில்லை. அதே அளவை சிர்கோனியாவில் செய்தால் அது வளையாது. அதோடு, அறுவை செய்தபோது வீங்கியிருந்த ஈறு இப்போது வற்றியிருக்கும். ஆகவே அளவு புதுசாகத்தான் எடுக்க வேண்டும்.

ஆனால் அந்தப் பல்வரிசையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பல் எவ்வளவு நீளம், கடி எப்படி விழுகிறது, சிரித்தால் எவ்வளவு தெரிகிறது, இதெல்லாம் அக்காவுக்குப் பழகிப் பிடித்துப் போயிருந்தால், அளவெடுக்கிற அன்றைக்கு அதையும் வாயில் வைத்துத் தனியாக ஒரு ஸ்கேன் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இம்ப்ளாண்ட் நிற்கிற இடத்தைப் புது அளவிலிருந்தும், பல்லின் உருவத்தைப் பழையதிலிருந்தும் எடுத்து நாங்கள் சேர்த்துக்கொள்வோம்.

நிரந்தர பிரிட்ஜ் வந்த அன்றைக்கு டாக்டர் ஒரு ஓரத்து ஸ்குரூவை மட்டும் முழுசாகத் திருகிவிட்டு, மறு ஓரத்தில் பிரிட்ஜ் தூக்குகிறதா என்று பார்க்க வேண்டும். அந்தப் பக்கம் எக்ஸ்ரேயும் எடுக்க வேண்டும். எல்லா ஸ்குரூவையும் இறுக்கிவிட்டுப் பார்த்தால் எந்த பிரிட்ஜும் உட்கார்ந்த மாதிரிதான் தெரியும். அக்காவோடு நீங்களும் போங்கள். போட்டதும் எங்காவது இழுக்கிற மாதிரி இருந்தால், அங்கேயே, நாற்காலியை விட்டு எழுந்திருப்பதற்கு முன் சொல்லச் சொல்லுங்கள்.